கொலோனில் ஒரு சின்ன ரெக்கார்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரி ஒரு பாட்டை அனுப்பி, "கேட்டுப் பாருங்கப்பா" என்று மட்டும் எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை தம்பி. அன்று ரெண்டு மணி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் தட்டித் தட்டிச் சொல்கிற விஷயமாகத் தோன்றவில்லை, அதனால் உட்கார்ந்து கடிதமாக எழுதுகிறேன்.

துருக்கிப் பாடகர் எர்கின் கோராய் 1974-ல் பாடிய 'ஜெமாலிம்'. வரிகளுக்கு அர்த்தம் அடுத்த நாள்தான் தேடிப் படித்தேன். 'என் ஜெமால்' என்று அர்த்தமாம். உர்குப் என்ற ஊரில் கொல்லப்பட்ட புருஷனுக்காக மனைவி அழுத ஒப்பாரி. ஒப்பாரியை எலக்ட்ரிக் கிட்டார் வைத்துப் பாடலாமா என்று யாராவது என்னிடம் முன்னால் கேட்டிருந்தால் கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டபிறகு சொல்ல முடியவில்லை. துக்கம் கொஞ்சம்கூடக் குறையவில்லை, இன்னும் கனத்துத்தான் வருகிறது.

அப்புறம் அந்த ஆள் பாடியதையெல்லாம் தேடித் தேடிக் கேட்டேன். அவர் சாஸ் வாத்தியத்துக்கு மின்சாரம் கொடுத்த முன்னோடி. சாஸ் என்பதும் பாலாமா என்பதும் ஒன்றுதான். நீண்ட கழுத்து, ஏழு தந்தி. பாலாமா என்ற பேருக்கே 'கட்டுவது' என்றுதான் மூலம். ஏனென்றால் அதன் கழுத்தில் குறுக்காக வருகிற மெட்டுகள் வீணையில் போல மெழுகில் பதித்தவை அல்ல, கழுத்தைச் சுற்றி இழையால் கட்டியவை. நகர்த்திக்கொள்ளலாம். அதனால்தான் கிட்டாரில் ரெண்டு மெட்டுக்கு நடுவே கிடைக்காத சுரமெல்லாம் அதில் நிற்கிறது. இருபது வருஷம் ரெக்கார்டிங் கடையில் ஹெட்போன் மாட்டியிருந்த காதுக்கு, அந்த நடு இடம் எவ்வளவு இனிப்பு என்று உனக்கு எப்படிச் சொல்வேன்! 3 ஹூரெல் என்று மூன்று அண்ணன் தம்பிகள் குழு ஒன்று உண்டு. அதில் ஃபெரிதுன் என்பவர் ஒரே உடம்பில் கிட்டார் கழுத்தும் சாஸ் கழுத்தும் வைத்து வாத்தியமே செய்துகொண்டார்.

தாளத்தையும் கவனி. சில பாட்டுகளில் ஒன்பது எண்ணிக்கை வரும், 2, 2, 2, 3 என்று. கடைசி மூன்றில் கால் ஒரு நொடி தாமதித்து விழுகிற மாதிரி இருக்கும். அவர்களே அந்த வகைத் தாளத்துக்கு 'அக்சாக்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், நொண்டுவது என்று அர்த்தம்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? 1965-ல் ஹுர்ரியெத் பத்திரிகை 'தங்க மைக்' என்று ஒரு போட்டி வைத்தது. மேல்நாட்டு வாத்தியங்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாட்டு துருக்கியில் இருக்க வேண்டும், நாட்டுப்பாடலை எடுத்துப் புதிதாக அமைத்தாலும் சரி. அதுவரை இங்கிலீஷ் பாட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த இஸ்தான்புல் பையன்கள் கிராமத்துப் பாட்டைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு நல்ல விதி என்னவெல்லாம் செய்துவிடுகிறது பார்.

பாரிஷ் மான்சோவை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் 1970-ல் மலைகளிடம் வழி கேட்டுப் பாடிய பாட்டு போதும். செல்டா பாஜான் வேறு. பௌதிகம் படித்த பெண், ஏழைகள்மேல் பனி பெய்வதை அவர் பாடினால் குரலிலேயே கோபம் தெரிகிறது. 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மூன்று தடவை ஜெயிலுக்குப் போனார். பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவது ஜெம் கராஜாவுக்காகத்தான். 1967-ல் அந்தத் தங்க மைக் போட்டியில் இரண்டாவதாக வந்தவர். அம்மா டோட்டோ ஆர்மீனியர், அப்பா மெஹ்மெத், இரண்டு பேரும் நாடக நடிகர்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற பையனைப் பற்றி 1975-ல் அவர் பாடியதைக் கேள், அந்தக் கனத்த குரலில் கிரீஸ் வாசனை அடிக்கும். 1979-ல் மேற்கு ஜெர்மனிக்குப் போனார். புரட்சி வந்தது, திரும்ப முடியவில்லை. 1983-ல் குடியுரிமையையே ரத்து செய்துவிட்டார்கள். அவர் அங்கே இருக்கும்போதே அப்பா இறந்துபோனார், அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்திவைத்தேன்.

1980-ல் அவர் வெளியிட்ட ரெக்கார்டுக்குப் பேர் 'ஹஸ்ரெத்'. ஏக்கம். பிரிந்திருப்பவரை நினைத்து வருகிற ஏக்கம். அதைப் போட்ட டுர்குயோலா கம்பெனி எந்த ஊர் தெரியுமா? நீ இருக்கிற கொலோன்தான்! 1961-ல் ஜெர்மனி ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வரவழைத்த துருக்கிக்காரர்களுக்காகப் பாட்டு வெளியிட்ட கம்பெனி. கராஜா 1987-ல்தான் ஊர் திரும்பினார். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அந்த ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, ஒரு உதவி கேட்கிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை போடுவார்கள் என்று சொன்னாயே, அங்கே துருக்கிக்காரர் கடை ஏதாவது இருந்தால் டுர்குயோலா என்று போட்ட சின்ன ரெக்கார்டு இருக்கிறதா பார். நிமிஷத்துக்கு 45 சுற்று, உள்ளங்கையை விரித்தால் அடங்குகிற அளவு. யார் பாடியதானாலும் பரவாயில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. மயிரிழைக் கீறல் இருக்கலாம், நகத்தில் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் வேண்டாம். நிமிர்த்தி வைத்துக் கொண்டு வா, பெட்டியில் துணிக்கு அடியில் போட்டு வளைத்துவிடாதே.

பரணில் இருந்த பிளேயரை இறக்கித் துடைத்துவிட்டேன். பெல்ட் மாற்றியாயிற்று, ஊசியும் புதுசு. பொங்கலுக்கு வரும்போது போட்டுக் கேட்கலாம்.

அன்புடன்,
அப்பா