லாகரில் வெண்ணெய், கோதுமை பீரில் டெட்டால்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் மற்றும் தலைமை ப்ரூவர்,
புதிய மைக்ரோ ப்ருவரி, பெங்களூரு.

பொருள்: சென்ற சனிக்கிழமை மாலை பரிமாறிய பீர்களின் குறைகளும், அவற்றுக்கு ஊழியர் சொன்ன காரணமும்.

ஐயா,

வணக்கம். நான்கு வகை பீர் அடங்கிய சாம்பிள் தட்டு ஒன்றும், அதன்பின் லாகரும் (குளிரில் மெல்ல நொதிக்கும் பீர்) கோதுமை பீரும் அரை லிட்டர் வீதமும் வாங்கினோம். நான்கில் மூன்று பீர்கள் கெட்டிருந்தன. கவுன்ட்டரில் சொன்னபோது, "கிராஃப்ட் பீர்னா இப்படித்தான் சார் இருக்கும், பாட்டில் பீர் குடிச்சுப் பழகினவங்களுக்கு வித்தியாசமாத் தெரியும்" என்று பதில் வந்தது. குறைகளைவிட இந்தப் பதில்தான் எங்களுக்கு உறுத்தல். புதிதாகக் குடிக்க வருபவர் இதை நம்பிப் போய்விடுவார்.

முதலில் லாகர். மூக்கருகே கொண்டுபோனதுமே உருகிய வெண்ணெய் வாசனை, வாயில் வழுவழுப்பு. இது டையசெட்டில் என்ற வேதிப்பொருளின் வேலை. புளிப்பு துளியும் இல்லாததால் குழாயில் கிருமி சேர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை. தொட்டியை அவசரப்பட்டுக் குளிர்வித்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் ஒரு பொருள் மெல்ல டையசெட்டிலாக மாறும். அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உண்டு அழிக்கவும் செய்யும். அதற்கு வெதுவெதுப்பும் அவகாசமும் வேண்டும். 10–12 டிகிரியில் ஓடும் லாகரை, சர்க்கரை தீரும் தறுவாயில் 16–18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைப்பது இதற்காகத்தான். அதற்கு முன்பே பூஜ்யத்துக்கு இறக்கினால் ஈஸ்ட் அடங்கிவிடும், வெண்ணெய் மட்டும் பிறகு பரிமாறும் தொட்டியில் வளரும். வார இறுதிக் கூட்டத்துக்குத் தொட்டி காலியாக வேண்டும் என்ற நெருக்கடி புரிகிறது. அப்படியானால் லாகரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கலாம்.

இதை அறிய ஆய்வகம் தேவையில்லை. குளிர்விக்கும் முன் தொட்டியிலிருந்து இரண்டு சாம்பிள் எடுத்து மூடி, ஒன்றை 60–70 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, இரண்டையும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் மட்டுமே குளிர்விக்கலாம். எங்கள் ஊகம் தவறா என்று பார்க்க இன்னொரு வழி: தொட்டியின் சாம்பிள் வால்விலிருந்து ஒரு கிளாஸ், கவுன்ட்டர் குழாயிலிருந்து ஒரு கிளாஸ். குழாயில் மட்டும் வாசனை வந்தால், தொட்டியிலிருந்து குழாய்க்குப் பீர் வரும் லைன்தான் குற்றவாளி. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2% காஸ்டிக் சோடா கரைசலை லைனில் 15 நிமிடம் சுற்றவிட்டு அலசும் வழக்கம் அங்கே உண்டா என்று கேட்க வேண்டிவரும்.

கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்க வேண்டும். அந்த வகை ஈஸ்ட் தருவது அது. எங்களுக்கு வந்தது ஆஸ்பத்திரி வாசனை. டெட்டால் என்று சொன்னதும் ஊழியர் சிரித்தார். டெட்டாலில் இருப்பதும் குளோரின் ஏறிய ஃபீனால்தான் என்பதால் நாங்கள் மிகைப்படுத்தவில்லை. தண்ணீரில் மிஞ்சிய குளோரின், பீரின் ஃபீனால்களோடு சேர்ந்தால் லிட்டரில் சில மைக்ரோகிராம் அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். காவிரி, போர்வெல், டேங்கர் என்று தண்ணீர் மாறும் ஊரில் ஒவ்வொரு பேட்சுக்கும் முன்பு குளோரின் சோதிப்பது அவசியம். கார்பன் ஃபில்டர் இல்லையென்றால் குளோரினைப் போக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போதும். தொட்டி கழுவ ப்ளீச் பயன்படுத்தினால் அதையும் நிறுத்திப் பெரசெட்டிக் அமிலத்துக்கு மாறுங்கள்.

ஐபிஏ என்ற கசப்பு பீரில், அதற்கு மணம் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனையே இல்லை. ஈரமான அட்டைப்பெட்டி, லேசான தேன், பழுப்பேறிய நிறம். கெக்கில் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) நிரப்பும்போது காற்று புகுந்ததன் அடையாளங்கள் இவை. கெக்கிலுள்ள காற்றைக் கார்பன் டையாக்சைடால் முழுக்கத் துரத்திவிட்டு மூடிய குழாய் வழியாக நிரப்பினால் இது வராது. குழாயில் ஏற்றிய தேதியைப் பலகையில் எழுதுவதும் நல்லது.

நான்காவதான ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அருமை. அதைப் போய் லாகரின் குளிரிலேயே தந்து மணத்தை அமுக்கிவிட்டீர்கள். 10–12 டிகிரியில் தாருங்கள். தட்டில் ஐபிஏ முதலில் வந்தது. அந்தக் கசப்புக்குப் பிறகு கோதுமை பீரின் மென்மை எங்கே தெரியும்? கிளாஸ்களின் உள்பக்கத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய்ப் பசை போகவில்லை என்று அர்த்தம். சமையலறைப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவுகிறார்கள் போல.

நாங்கள் கேட்பவை: அரை லிட்டர் லாகர், கோதுமை பீர் இரண்டின் தொகையைத் திருப்பித் தாருங்கள். தற்போதைய லாகர் பேட்சை விற்பனையிலிருந்து எடுங்கள். கொட்டத்தான் வேண்டும் என்பதில்லை, நொதித்துக்கொண்டிருக்கும் புது வோர்ட்டை (பீராக மாறும் தானியச் சாறு) பத்தில் ஒரு பங்கு கலந்து வெதுவெதுப்பில் வைத்தால் மீட்டுவிடலாம். தண்ணீர் சோதனையின் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு வெண்ணெய், டெட்டால், அட்டை ஆகிய மூன்று வாசனைகளையும் முகர்ந்து அறியக் கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை யாராவது குறை சொன்னால் அவர்கள் முதலில் கிளாஸை வாங்கி முகரட்டும். பில் நகலை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை மாலை வந்த வாடிக்கையாளர்கள்