‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தீர்கள், வந்தோம்

மதிப்பிற்குரிய தமிழ் இலக்கியத் துறைத் தலைவர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் எழுதப்போவதில்லை. சங்க நூலான பரிபாடல் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று அழைப்பிதழ் போட்டுவிட்டு புதன்கிழமை மதியமே நடத்தி முடித்த துறை எதுவோ, அதற்குத்தான் இந்த மடல். படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் கேட்பது ஒன்றுதான். நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு வாரம் முன்னால் வெளியில் தெரிகிற மாதிரி சொல்லுங்கள். மாற்றினால் மாற்றியதையும் சொல்லுங்கள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், தமிழ் எனக்கு ஆசை மட்டும்தான். அந்த ஆசையை உண்டாக்கியவர் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த தமிழையா. இப்போது அவருக்கு வயது 81. அழைப்பிதழ் வாட்ஸப்பில் மூன்று கை மாறி எனக்கு வந்தது, நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். பரிபாடல் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயரோடு இசை அமைத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் இருக்கிற நூல் அது, பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று. அந்த நோதிறத்தை இன்றைக்கு யாராவது பாடிக் காட்ட முடியுமா என்று கேட்க வேண்டும் என்றார். மறந்துவிடும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன் (சம்பளத்தில் பிடிப்பார்கள், அது என் பாடு). திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ஐயாவுக்கு முழங்கால் வலி என்பதால் அங்கிருந்து ஆட்டோ. கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டார். பொதுமக்கள், சொற்பொழிவு கேட்க வந்திருக்கிறோம் என்றதும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் இரண்டு மாடி ஏறினோம். லிஃப்ட் இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. ஐயா ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார்.

மேலே அரங்கம் பூட்டியிருந்தது. வாசலில் ஃபிளெக்ஸ் மட்டும் தொங்கியது. அதில் தேதியின்மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் முந்தின நாள் தேதியை எழுதியிருந்தார்கள். அந்த வழியாக வந்த ஒரு மாணவியிடம் கேட்டேன். “நேத்தே முடிஞ்சிருச்சுங்களே சார்” என்றது அந்தப் பெண். “எங்களுக்கே மத்தியானம்தான் சொன்னாங்க, கிளாஸ்ல இருந்து அப்படியே கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சாங்க.” சிறப்பு விருந்தினருக்கு வியாழக்கிழமை வேறு வேலை வந்துவிட்டதாம்.

ஐயா கோபப்படவில்லை. “எழுபது பாட்டுல முழுசாக் கெடச்சது இருபத்திரண்டு. மிச்சம் போன எடத்துக்கே இந்தப் பேச்சும் போயிருச்சுப்பா” என்றார். சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விருந்தினருக்கு வேலை வரும், தேதி மாறும், அதெல்லாம் புரிகிறது. அந்த ஒட்டுத்தாளை ஒட்டியவர் கையில் போன் இருந்திருக்குமே? அழைப்பிதழ் போன அதே வாட்ஸப்பில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? அழைப்பிதழில் விசாரிக்க ஒரு தொலைபேசி எண்கூடக் கிடையாது. ‘அனைவரும் வருக’ மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நீங்கள் மணிமேகலை பாடம் நடத்துகிறவர்கள். முதல் காதையே விழாவறை காதை. 28 நாள் இந்திர விழாவுக்கு முரசை யானைப் பிடரியில் ஏற்றி, ஊரைக் கூட்டி, தோரணம் கட்டுங்கள், பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், நல்லுரை சொல்லத் தெரிந்தவர்கள் பந்தலுக்கும் பொதியில் என்கிற ஊர்ப் பொதுமன்றத்துக்கும் வந்து சேருங்கள், வாதம் செய்கிறவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று ஒருவன் அறைந்து சொல்கிறான். அதற்குப் பதினைந்து மதிப்பெண் கேள்வி போடுகிறீர்கள். உங்களிடம் யானை கேட்கவில்லை, துறையின் இணையப் பக்கத்தில் ஒரு வரி போதும்.

எங்கள் தெரு அம்மன் கோவிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே நோட்டீஸ் ஒட்டி, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். மார்கழிக் கச்சேரிக்கு சபாக்காரர்கள் முன்கூட்டியே பட்டியல் தருகிறார்கள், எந்த சபா கேன்டீனில் என்ன விசேஷம் என்பதுகூட ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. 2004இல் மத்திய அரசு செம்மொழி என்று அறிவித்த மொழிக்கு நடக்கும் சொற்பொழிவு மட்டும் இந்த ஊரில் ரகசியக் கூட்டம் மாதிரி நடக்கிறது. வருகைப்பதிவுக்காக உட்காரவைத்த பிள்ளைகள், முதல் வரிசையில் பேராசிரியர்கள், கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்புக்கு, எடுத்த இடம் பதிவாகிற மாதிரி ஜியோ டேக் போட்ட நாலு போட்டோ. வரவேற்புரை, நோக்கவுரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை. கடைசியில் பேச வந்தவரிடம் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, சுருக்கமாக என்று துண்டுச்சீட்டு. வேறு இரண்டு கூட்டங்களில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பொன்னாடை உங்கள் விருப்பம்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அறக்கட்டளை என்பது யாரோ ஒருவர் தன் அப்பா பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ கொடுத்த பணம். முதல் அப்படியே இருக்க, வட்டியில் வருடத்துக்கு ஒரு பேச்சு நடக்கிறது. நாலு பேர் கேட்கட்டும் என்றுதானே கொடுத்திருப்பார்? அந்த நாலு பேரில் இரண்டு பேர் அன்றைக்கு உங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். நாள், நேரம், இடம், ஒரு வாரம் முன்னால். இணையப் பக்கத்தில் ஒன்று, கேட்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒன்று, விசாரிக்க ஒரு எண். புதன்கிழமை உரையை யாராவது போனில் பதிவு செய்திருந்தால் அதையும் பொதுவில் போடுங்கள், ஐயா கேட்பார். காலண்டர் தாளை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை.

நோட்டீஸ் ஒட்ட ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து ஒட்டித் தருகிறேன். பசை என் செலவு. கேட்டில் மட்டும் என்னை உள்ளே விடச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருநின்றவூரிலிருந்து ஒரு பொதுமக்கள்