தக்கைக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டுக் குறி சுடும் பழைய ரைபிள்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1874-ல் நியூயார்க் பக்கத்திலுள்ள கிரீட்மூர் துப்பாக்கி சுடும் மைதானத்தில் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி 934-க்கு 931 என்று மயிரிழையில் வென்ற கதையை நன்றாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தோட்டாவில் வெடிமருந்து குறைவாக இருந்தால் அதன் மேல் ஒரு தக்கையை (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் வட்டத் துண்டை) அழுத்திவிட்டால் போதும் என்று பொதுவாக எழுதியிருப்பது ஆபத்தானது.

புகை கக்கும் பழைய காலத்துக் கருமருந்துக்குத் தக்கை வைப்பது சரி. கருமருந்துத் தோட்டாவில் காலி இடமே இருக்கக் கூடாது. மருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, அழுத்தி, அதன் மேல் குண்டு ஒட்டி உட்கார வேண்டும். குண்டு மெத்தென்ற ஈயம். தக்கை இல்லாவிட்டால் மருந்துமணிகள் அதன் அடியில் பதிந்துவிடும், சூடான வாயு ஓரத்தை அரித்துவிடும். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது குண்டின் அடிப்பக்கம்தான். அங்கே சிறு காயம் பட்டாலும் தூரத்துக் குறி தப்பும். 0.030 அல்லது 0.060 அங்குல நார் அட்டைத் தக்கையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். சுட்ட பிறகு சில அடி முன்னே போய் விழுந்த தக்கைகளைப் பொறுக்கிப் பார்ப்பேன். ஓரம் முழுசாக வட்டமாக இருந்தால் நிம்மதி. கருகி, பிய்ந்து கிடந்தால் வாயு கசிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, குண்டில் பூசிய மெழுகில் தக்கை ஒட்டிக்கொண்டு கூடவே பறந்தால் அந்தக் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு காகித வட்டம் வைப்பேன்.

பின்னாளில் வந்த புகையில்லா மருந்தின் கதையே வேறு. இந்தப் பழைய பெரிய தோட்டாக் கூடுகளில் அது பல சமயம் பாதிகூட நிறையாது. மருந்து அசையாமல் இருக்கட்டும் என்று நானும் ஒரு காலத்தில் .38-55 என்ற பழைய ரகத் தோட்டாவில் தக்கையை மருந்தின் மேல் இறுக்கி வைத்தேன். தக்கைக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம். முதலில் அருமையாகச் சுட்டது, குறிகள் நெருங்கி விழுந்தன. அப்புறம் ஒரு நாள் கூடு வெளியே வரவில்லை. முன்பக்கத்திலிருந்து கம்பி விட்டுத் தட்டி எடுத்தேன். கூட்டின் கழுத்தைச் சுற்றி மோதிரம் போல ஒரு வீக்கம், நகத்தில் தட்டுப்பட்டது. விளக்குப் பிடித்துப் பார்த்தால், குண்டின் அடி உட்காரும் அதே இடத்தில், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையிலும் ஒரு கறுப்பு வளையம். வேகமெடுத்து வந்த தக்கை நின்றுகொண்டிருந்த குண்டின் அடியில் மோதுகிறது. அந்த ஒரு இடத்தில் அழுத்தம் எகிறி, எஃகே உப்பிவிடுகிறது. ஒரே சுடுதலில் தெரியாமலும் போகலாம், ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வரும். நூறு வயது தாண்டிய அந்தக் குழலைக் குடைந்து உள்ளே புதுக் குழாய் பொருத்த வேண்டியதாயிற்று. குண்டைச் சுழற்றிவிடும் அதன் பழைய வரிப்பள்ளங்கள் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

புதிதாகத் தோட்டா கெட்டிக்கப் பழகுகிறவர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகளை வெட்டி வைத்துக்கொள்வார்கள். தக்கை பற்றிச் சொன்னது கருமருந்துக்கு மட்டும் என்று அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்