ஐம்பது மில்லிமீட்டர் இறக்குவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

புது மோட்டார் சைக்கிளில் அமர்ந்தால் கால்விரல் நுனிகள் மட்டுமே தரையைத் தொடுகின்றன என்றும், அதனால் லோயரிங் லிங்க் (வண்டியைத் தாழ்த்த மாற்றிப் பொருத்தும் இணைப்புத் தகடு) வாங்கிப் பின்பக்கத்தை 50 மில்லிமீட்டர் இறக்கிவிடப் போகிறாய் என்றும் நீ எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தேன். 153 சென்டிமீட்டர் உயரம் நம் இருவருக்கும் பொது. அந்த உயரத்தோடு முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: வண்டியை இறக்குவதில் தவறே இல்லை, ஆனால் 50 மில்லிமீட்டர் வேண்டாம், பின்பக்கத்தை மட்டும் இறக்க வேண்டாம், வேலையை லிங்கிலிருந்து தொடங்கவும் வேண்டாம்.

நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நான் வைத்திருந்த வண்டிக்கு இதே வேலையைச் செய்துகொண்டேன். பட்டறையில் லிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. தொட வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்த அந்த முதல் நாளின் மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள், சைடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த வண்டி எதிர்ப்புறமாகச் சரிந்து விழுந்து பிரேக் லீவர் முறிந்தது. வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டின் நீளமோ பழையபடியே இருந்தது; ஆகவே ஸ்டாண்டின்மேல் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றிருக்கிறது, தரையில் சிறிய சரிவு இருந்ததும் மறுபக்கம் போய்விட்டது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் ஒருநாள் உன்னைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஒரு வேகத்தடையைக் கடந்தபோது, பின்சக்கரம் மட்கார்டின் உட்புறத்தில் உரசி ஒரு நீண்ட சத்தம் எழுந்தது. இறங்கிப் பார்த்தபோது பிளாஸ்டிக்கில் டயர் தேய்த்த கறுப்புத் தடம் இருந்தது. உன்னை ஏற்றிக்கொண்டு எத்தனை நாள் அப்படி ஓட்டினேன் என்று எண்ணிப் பார்த்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இக்கடிதம் நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த உரசல் ஏன் நேர்ந்தது என்பதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். லோயரிங் லிங்க் ஷாக் அப்சார்பரைச் சிறிதாக்குவதில்லை. அது எவ்வளவு தூரம் அமுங்குமோ அவ்வளவு தூரம் அமுங்கத்தான் போகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை ஷாக்கோடு இணைக்கும் தகட்டின் நீளம் மட்டும் மாறுவதால், சக்கரம் தன் பயணத்தை வண்டியின் உடலுக்கு அருகில் தொடங்கி, முடியும்போது அதே அளவுக்கு மேலும் உள்ளே போய் நிற்கிறது. 50 மில்லிமீட்டர் இறக்கினால், முழுதாக அமுங்கும் கணத்தில் டயர் மட்கார்டை நோக்கி ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் கூடுதலாக ஏறும். அந்த இடைவெளியை வண்டியை வடிவமைத்தவர் எல்லா வண்டிகளிலும் விட்டுவைத்திருப்பதில்லை. போதாததற்கு, பல வண்டிகளில் லிங்கை மாற்றியதும் நெம்புகோல் விகிதமும் மாறி, அதே ஸ்பிரிங் முன்பைவிட மென்மையாக நடந்துகொள்ளும். எளிதாக அமுங்கும் ஸ்பிரிங்கும் குறைந்த இடைவெளியும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் இருவரும் கேட்டுவிட்டோம்.

வண்டியின் திரும்பும் குணமும் மாறுகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1,400 மில்லிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள். பின்பக்கத்தை மட்டும் 25 மில்லிமீட்டர் இறக்கினால் வண்டி முழுவதும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது; 50 இறக்கினால் இரண்டு டிகிரி. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வும் அதே அளவு கூடுகிறது, அதோடு டிரெயில் என்று சொல்லப்படும் அளவும் (ஹேண்டில்பார் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்) நீள்கிறது, முன்சக்கரத்தின் மேல் இருந்த எடையில் ஒரு பங்கு பின்னால் நகர்கிறது. விளைவாக, வளைவில் ஹேண்டில்பார் கனக்கிறது, வண்டி உன் பேச்சைத் தாமதமாகக் கேட்கிறது, நீ நினைத்த கோட்டைவிட்டு வெளியே போகிறது. ஹெட்லைட்டும் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் இதற்கு நேர்மாறாக, நேர்ச்சாலையில் வேகமாகப் போகும்போது முன்பக்கம் பதற்றமாக இருக்கும்.

வண்டி உயரமாக இருப்பது நமக்கு இடையூறாவது நிற்கும் சில நொடிகளில் மட்டுமே. ஓடும்போது அந்த உயரம் நமக்குத் தேவைப்படுகிறது. பள்ளத்தை விழுங்குவதும், வளைவில் ஃபுட்ரெஸ்ட் தரையில் இடிக்காமல் காப்பதும், கல்லின்மேல் எஞ்சினின் அடிப்பகுதி மோதாமல் தடுப்பதும் அந்த உயரம்தான். தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2021-இல் வந்த ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்கா வண்டியில், நிற்கப் போகும்போது தானாகத் தாழ்ந்து, கிளம்பியதும் தானாக உயரும் அமைப்பைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தார்கள். உன் வண்டியில் அந்த வசதி இல்லை. ஆகவே நிற்கும் நொடிகளுக்காக ஓடும் மணிநேரங்களில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். என் கணக்கில் அது 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

முதலில் ஸ்பிரிங்கைப் பார். நம்மைப் போன்றவர்கள் உயரத்தில் மட்டுமல்ல, பெரும்பாலும் எடையிலும் குறைந்தவர்கள். வண்டியின் ஸ்பிரிங்கோ நம்மைவிடக் கனமான ஒருவரை எண்ணி அமைக்கப்பட்டிருக்கும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே உடலில் ஒரு புள்ளிவரை அளந்து குறித்துக்கொள். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து நீ அமர்ந்திருக்க, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே தூரத்தை மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பின்சக்கரம் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். சாதாரணச் சாலை வண்டிகளில் அது 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை வரும். உனக்கு அது 15 என்று வந்தால், வண்டி உனக்காக அமுங்க வேண்டிய அளவில் பாதிதான் அமுங்குகிறது என்று பொருள். ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை, தளர்த்தினால் கொஞ்சம் தாழும். தளர்த்தியும் போதவில்லையென்றால் உன் எடைக்கேற்ற மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டுக்கொள். இதில் இழப்பு எதுவும் இல்லை. வண்டி தாழ்வதோடு பயணமும் சுகமாகும். யாரோ ஒருவருக்காகச் சரிசெய்யப்பட்ட வண்டி அப்போதுதான் உன்னுடையதாகிறது. இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு நேராக லிங்குக்குத் தாவுவதுதான் நான் செய்த முதல் பிழை.

அடுத்தது சீட். உயரத்தை மட்டும் பார்க்காதே, அகலத்தையும் பார். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, காலின் நீளத்தில் ஒரு பகுதி பக்கவாட்டிலேயே செலவாகிவிடும். ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்றில் பாதம் பதிவதும் மற்றொன்றில் நுனி மட்டும் தொடுவதும் இதனால்தான். சீட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து முன்விளிம்புகளைச் செதுக்கச் சொல். மேலே உள்ள ஃபோமில் 20 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க விடாதே, எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அடித்தட்டு இடுப்பெலும்பில் உறைக்கும். உன் வண்டிக்குத் தயாரிப்பாளரே தாழ்ந்த சீட் விற்கிறார்களா என்றும் கேட்டுப் பார். பூட்ஸ் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அடிப்பாகம் தடித்ததாகவும் வழுக்காததாகவும் இருக்கட்டும், கியர் லீவருக்கு அடியில் அது எளிதாக நுழைகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் வண்டியை இறக்கு. அப்போதும் முன்பக்கத்திலிருந்து கணக்கிடு. ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே ஏற்றினால் முன்பக்கம் தாழும். அதற்கு எல்லை உண்டு: ஃபோர்க் முழுதும் அமுங்கும்போது முன் மட்கார்டு ரேடியேட்டரிலோ கீழ்க் கிளாம்பிலோ மோதக் கூடாது, குழாயின் சரிந்து குறுகும் பகுதியைக் கிளாம்பு பற்றக் கூடாது, பிரேக் குழாயும் ஏபிஎஸ் சென்சாரின் ஒயரும் எங்கும் மடங்கவோ இழுபடவோ கூடாது. இந்த எல்லைக்குள் முன்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் தாழ முடிகிறதோ, அத்தனைதான் பின்பக்கமும் தாழலாம் என்று வைத்துக்கொள். முன்னால் 20 தான் முடியும் என்றால் பின்னாலும் 20 தான். பெரும்பாலானவர்கள் பின்பக்கத்தை விருப்பப்படி இறக்கிவிட்டு, முன்பக்கத்தை முடிந்தவரை சரிக்கட்டுகிறார்கள். அந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு குழாய்களும் ஒரே அளவு ஏறியிருக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பார். போல்ட்டுகளை வண்டியின் கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சு கொண்டு முடுக்கச் சொல்.

செலவு கூடினாலும், லிங்கைவிட நான் நம்புவது ஷாக்கின் உள்ளேயும் ஃபோர்க்கின் உள்ளேயும் ஸ்பேசர் என்னும் இடைத்துண்டு வைத்துப் பயணத்தையே குறைக்கும் முறையை. அதில் சக்கரம் முழுதாக ஏறி நிற்கும் இடம் மாறுவதில்லை என்பதால் மட்கார்டில் உரசும் அச்சமே இல்லை. பயணம் குறைவதால் ஸ்பிரிங்கையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாக்கின் ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் விசை ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே அதை நீயே பிரிக்க முயலாதே, தெரிந்தவர் கையில் கொடு. லிங்க்தான் என்று முடிவானால், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மாட்டி, சக்கரத்தை உச்சிவரை தூக்கிப் பார்த்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதைக் கண்ணால் காட்டச் சொல். காட்டாத பட்டறையில் வண்டியை விடாதே.

வண்டி தாழ்ந்த அன்றே சைடு ஸ்டாண்டையும் குறைத்தாக வேண்டும். ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைப்பதற்கு முன், பழைய உயரத்தில் வண்டி எவ்வளவு சாய்ந்து நின்றது என்று அளந்து வைத்திருந்தால்தான் அதே சாய்வைத் திரும்பக் கொண்டுவர முடியும். இதை வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே செய். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றுவது கடினமாகும். செயினின் தளர்வையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் நிலை மாறியதால் கையேட்டின் பழைய எண் பொருந்தாது. செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்மின் சுழலச்சு, பின்சக்கர அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்நிலையிலும் அதில் சிறிது தளர்வு எஞ்சியிருக்க வேண்டும். ஹெட்லைட்டைத் திருப்பிச் சரிசெய்ய மறக்காதே. உத்தரவாதத்துக்கும் காப்பீட்டுக்கும் இந்த மாற்றத்தால் பாதிப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

இரண்டு பாதங்களும் பதிய வேண்டும் என்ற எண்ணத்தை நான் விட்டுவிட்டு வெகுகாலமாகிறது. ஒரு பாதம் உறுதியாகப் பதிந்தால் போதும். ஸ்பெயின் நாட்டு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டானி பெட்ரோசா ஏறக்குறைய 160 சென்டிமீட்டர் உயரக்காரர். மோட்டோ ஜிபி பந்தயங்களில் 31 வெற்றிகள் பெற்றவர். பந்தயத் தளம் வேறு, நம் சாலை வேறு என்பதை அறிவேன். இருந்தாலும் ஓடும் வண்டி ஓட்டுகிறவரின் உயரத்தைக் கேட்பதில்லை என்பதற்கு அவரைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. நாம் கற்க வேண்டியது நிற்கும் வித்தையைத்தான். வண்டி முழுதாக நிற்பதற்குச் சற்று முன்பே இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்திக்கொள், ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும், பார்வை தொலைவில் இருக்கட்டும், வலது கால் பின் பிரேக்கை விடாமல் இருக்க, இடது பாதத்தை முழுமையாக ஊன்று. ஹேண்டில்பார் திரும்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடிக்காதே. குட்டையானவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நேராக நிற்கும் வண்டியைத் தாங்க இரண்டு விரல் போதும். சாய்ந்துவிட்ட வண்டிக்கு உடலின் முழு வலிமையும் போதாது. இடப்பக்கம் தரை மேடாக இருக்கும் இடமாகப் பார்த்து நில். முன்சக்கரம் சரிவை நோக்கி இறங்கும்படி எங்கும் நிறுத்தாதே, அமர்ந்தபடி பின்னால் தள்ளி எடுக்க நம் கால்களுக்கு நீளம் போதாது. அப்படி மாட்டிக்கொண்டால் கூச்சப்படாமல் இறங்கி நின்று தள்ளு.

காலியான சமதரை ஒன்றைப் பார்த்து, ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இரண்டு வாரம் இதைப் பழகு. அந்த இரண்டு வாரமும் லிங்க் வாங்காமல் இரு. ஸ்பிரிங் அமுங்கும் அளவு, உன் உள்ளங்கால் முதல் கவட்டை வரை உள்ள நீளம், சீட்டின் முன்பகுதி அகலம், சைடு ஸ்டாண்டில் வண்டி சாயும் அளவு ஆகிய நான்கு எண்களையும் அளந்து எனக்கு அனுப்பு. அவை வந்ததும் எத்தனை மில்லிமீட்டர் என்பதை நாம் இருவரும் சேர்ந்து கணக்கிடுவோம்.

அன்புடன்,
அம்மா