ஒரே ஒரு சான்றிதழ் போதும் என்று 1973-லேயே எழுதி வைத்தார்கள்

மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும்,

வணக்கம். என் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெல்டராக இருந்தவர். 2016-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டார், 2022-ல் இறந்தார், உயில் எழுதவில்லை. அங்கே ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கை மட்டும் மூடாமல் விட்டிருந்தார். பெரிய தொகையெல்லாம் இல்லை, ஆனால் சித்திக்கு அதுதான் மகளின் கல்யாணச் செலவு.

தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, அப்புறம் அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் காட்டும் ஆவணத்துக்கு நம் அரசு போடும் சான்று முத்திரை) போட்டு அந்த வங்கிக்கு அனுப்பினோம். இது செல்லாது, நீதிமன்றம் தந்த லெட்டர் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது இறந்தவர் சொத்தை நிர்வகிக்க இன்னாருக்கு அதிகாரம் என்ற உத்தரவு, வேண்டும் என்று பதில் வந்தது. பெயர்ச் சிக்கல் வேறு. வாரிசுச் சான்றிதழில் 'மு.' என்று தலைப்பெழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் சித்தப்பாவுடைய அப்பாவின் முழுப் பெயராக விரிந்து கடைசியில் நிற்கிறது, வங்கிக் கணக்கில் அதே பெயர் முன்னால் வந்துவிட்டது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சித்தி அபிடவிட் கொடுத்தார். புருஷன் பெயர் மூன்று விதமாக இருந்த அந்தத் தாளில் அவர் நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வங்கியை நான் குறை சொல்லவில்லை. தப்பான ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு வேறொரு வாரிசு வந்து கேட்பாரே என்ற பயம் அதற்கு. அப்போஸ்டில் அந்தப் பயத்தைப் போக்காது, ஏனென்றால் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும்தான் அது சொல்லும், காகிதத்தைக் கொண்டு வருபவருக்குப் பணத்தை வாங்கும் அதிகாரம் இருக்கிறதா என்று சொல்லாது.

இந்த இடத்துக்கென்றே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. 1973 அக்டோபர் 2-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் முடிவானது, இறந்தவர்களின் சொத்தை நாடு கடந்து நிர்வகிப்பது பற்றியது. இறந்தவர் வழக்கமாக வசித்த நாட்டின் அதிகாரி ஒரு சர்வதேசச் சான்றிதழ் தருவார், வங்கிப் பணம், பங்கு, நகை போன்ற அசையும் சொத்தை யார் நிர்வகிக்கலாம் என்று அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற நாடுகளில் அதற்கு அப்போஸ்டில் மாதிரி மேலொப்பம் எதுவும் தேவையில்லை, ஒரு நாடு வேண்டுமானால் சுருக்கமான விசாரணையோ பொது அறிவிப்போ கேட்கலாம், அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: அந்தச் சான்றிதழைக் காட்டியவரிடம் பணம் கொடுத்த வங்கியின் பொறுப்பு, கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது என்று நிரூபணமானால் ஒழிய, அதோடு தீர்ந்துவிடும். சித்தியின் வழியை மறித்த பயத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

ஆனால் ஒப்பந்தம் அமலுக்கு வரவே 1993 ஆனது. போர்ச்சுகல், செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என்று மூன்றே நாடுகள். பிரிட்டனும் இத்தாலியும் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டன. மூன்று பேர் மட்டும் இருக்கும் இடத்தில் நாம் போய் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை உருவாக்கும் ஹேக் மாநாடு என்ற சர்வதேச அமைப்பில் இந்தியா 2008 முதல் உறுப்பினர், சிங்கப்பூரும் உறுப்பினர். பிழைக்கப் போனவர்களின் பணம் இத்தனை நாடுகளில் கிடக்கும் ஒரு தேசம் அங்கே இந்தப் பேச்சை எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் டென்மார்க், அயர்லாந்து தவிர மற்ற நாடுகளுக்குள் 2015 ஆகஸ்ட் 17 முதல் பொதுவான வாரிசுரிமைச் சான்றிதழ் நடைமுறையில் இருக்கிறது. செய்ய முடியாத காரியமில்லை.

சரி, ஒப்பந்தத்துக்கு நாளாகும். நம் சட்டத்தையாவது திருத்தலாமே. காமன்வெல்த் நாட்டு நீதிமன்றம் தந்த லெட்டர் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனைப் புதிய வழக்கில்லாமல் மறுமுத்திரையிட்டு ஏற்கும் வழி சிங்கப்பூர் சட்டத்தில் இருக்கிறது. நம் 1925 வாரிசுரிமைச் சட்டத்தில் பிரிவு 228 வெளிநாட்டில் நிரூபித்த உயிலுக்கு மட்டும் உதவும், உயில் எழுதாமல் போனவர் குடும்பத்துக்கு அதில் வழியில்லை. வெளிநாட்டு நீதிமன்றம் தந்த லெட்டரை நாமும் அதேபோல் ஏற்கும் வழியை முதலில் திறந்துவிடுங்கள். அதோடு, வெளிநாட்டுப் பணத்துக்கு வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது, நீதிமன்ற உத்தரவும் தேவைப்படலாம் என்று தாசில்தார் ஆபீசிலேயே ஒரு வரி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தெரியவே எட்டு மாதம் ஆனது.

சித்தியின் மனு இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அவருடைய அக்கா மகன்