ஏப்ரலில் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும், ஊரில் இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்னும் கல்லூரிப் படிவம் போடுவதிலிருந்து, குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்பது வரை எல்லாமே எங்கள் மேசைக்குத்தான் வரும். வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளை அரசு திடீரென ரத்து செய்த 2025 ஏப்ரல் களேபரம் ஒரு வழியாக அடங்கி, இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நடந்தது என்னவென்று ஊரில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மாணவர் விசாவில் வந்த ஒவ்வொருவருக்கும் செவிஸ் என்னும் அரசுப் பதிவேட்டில் ஒரு பதிவு உண்டு. அது 'ஆக்டிவ்' என்று இருக்கும்வரைதான் படிப்பு, ஓபிடி என்னும் படிப்பு சார்ந்த பயிற்சி வேலை எல்லாம். 2025 வசந்த காலத்தில், மாணவர்களிடமும் சொல்லாமல் எங்களிடமும் சொல்லாமல், ஆயிரக்கணக்கானவர்களின் பதிவை அரசே 'டெர்மினேட்டட்', அதாவது முடிக்கப்பட்டது, என்று மாற்றிவிட்டது. காரணம் கேட்டால் குற்றப் பதிவுச் சோதனை, விசா ரத்து என்று ஒற்றை வரி. விசாரித்துப் பார்த்தால், பலருக்கு வேகமாக வண்டி ஓட்டியதற்கு வாங்கிய டிக்கெட். சிலருக்கு எப்போதோ தள்ளுபடியான வழக்கு.

காலையில் காபி போடும் முன்பே செவிஸைத் திறந்து, டெர்மினேட்டட் பட்டியலில் புதுப் பெயர் ஏதும் ஏறியிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்போம். இருந்தால், அந்தப் பிள்ளையை அழைத்துச் சொல்ல வேண்டியது நாங்கள். "இன்றைக்கு வேலைக்குப் போகாதே தம்பி, முதலில் வக்கீலிடம் பேசு" என்று ஒரு பையனிடம் சொன்னேன். "சரிங்க்கா" என்றான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மாகிட்ட நீங்க பேசுறீங்களா?" என்று கேட்டான். ஈரோட்டிலிருந்து அந்த அம்மா கேட்டதெல்லாம், "லோன் போட்டுப் படிக்க வெச்சோம் மேடம், திருப்பி அனுப்பிருவாங்களா?" என்பது மட்டுமே. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் முதல் நன்றி நாஃப்சாவுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கான சங்கம் அது, 1948இல் தொடங்கியது. வருடாந்தர மாநாடு, பயிற்சி, விதிகளை விளக்கும் கையேடு என்று சாதாரண நாட்களில் சாதுவாக நடந்துகொண்டிருக்கும். உறுப்பினர் சந்தா கட்டும்போது நானே முணுமுணுத்ததுண்டு. ஆனால் ஏப்ரலில் ஊர் ஊராகக் கல்லூரிகளிடமிருந்து தகவல் திரட்டி, இது ஒரு கல்லூரியின் தலைவலி அல்ல, நாடு முழுக்க நடக்கிறது என்று எடுத்துக்காட்டியவர்கள் அவர்கள். அதைவிடப் பெரிது, சங்கம் வழியாகக் கிடைத்த மனிதர்கள். பக்கத்து மாநிலத்து அலுவலர் ஒருவர், தம் மாணவர்களுக்காகத் தயாரித்த கேள்வி பதில் தாளை அப்படியே அனுப்பி, "உங்கள் கல்லூரிப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். என் குரலைக் கேட்டே, "முதலில் சாப்பிட்டீர்களா?" என்று அதட்டியவரும் அவர்தான். இவர்களுக்குத் தமிழ் தெரியாது. தனியாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். ஆனாலும் இந்தப் பெயர் நம் பெற்றோர் காதிலும் ஒருமுறை விழட்டும்.

வழக்குப் போட்ட மாணவர்களுக்கும், அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களுக்கும், பல மாநிலங்களில் முன்னால் வந்து நின்ற ஏசிஎல்யு என்னும் குடிமக்கள் உரிமை அமைப்பின் கிளைகளுக்கும் நன்றி. நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை உத்தரவு போட்டதால்தான், ஏப்ரல் 25 அன்று பதிவுகளைத் திருப்பித் தருவதாக அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. தானாக மனம் மாறிச் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து, எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள். சம்பளம் நின்றுபோன பையனைத் தங்கள் வீட்டு மாடி அறையில் வைத்துக்கொண்டு, வாடகைப் பேச்சையே எடுக்காத தம்பதிக்கு என்ன சொல்வது! போன வாரம் பார்த்தபோதுகூட, "அவன் வந்தப்புறம்தான் எங்க வீட்டில் ரசம் ஒழுங்காக வருகிறது" என்றார் அந்த அண்ணன். வக்கீல் கட்டணத்துக்கு, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. சொன்னபடியே போடவில்லை.

எங்கள் அலுவலகத்து மாணவ உதவியாளர்களுக்கும் நன்றி. அவர்களும் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்கள்தான். தங்கள் பெயர் நாளை பட்டியலில் வருமா என்ற பயத்தோடு, அடுத்தவர்களின் தொலைபேசியை எடுத்துப் பேசினார்கள்.

அந்த ஈரோட்டு அம்மாவுக்கு: உங்கள் பையனின் பதிவு மறுபடி ஆக்டிவ் ஆகிவிட்டது, வேலைக்கும் போகிறான் என்பது உங்களுக்கே தெரியும். முறுக்குப் பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது, மிச்சம் ஏதுமில்லை.

2025 மே கடைசியில் அமெரிக்கத் தூதரகங்களில் நிறுத்திவைத்த மாணவர் விசா நேர்காணல் முன்பதிவுகளை ஜூன் 18 அன்று மறுபடி தொடங்குவதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே ஆகஸ்டில் புதுப் பிள்ளைகள் தாமதமாகவாவது வந்து இறங்குவார்கள். விமான நிலையத்திலிருந்து கூட்டிவர வண்டியும், முதல் வாரத்துக்குப் படுக்கையும் தர முடிந்தவர்கள் வழக்கம்போல எங்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலக அக்கா