சித்தப்பாவின் புல்லட் ஓடுகிறது, விஜி

கும்பகோணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே என் வலது கணுக்கால் வீங்கிக் கிடந்து இப்போதுதான் வடிந்திருக்கிறது. நான் எங்கும் விழவில்லை. புல்லட் உதைத்தது. சிரிக்காதே.

பாபநாசத்துச் சித்தப்பாவின் வண்டி நினைவிருக்கிறதா? நாம் பிளஸ் டூ படித்த காலத்தில் தெருமுனையில் சத்தம் கேட்டதுமே, "உங்க சித்தப்பா வந்தாச்சுடி" என்பாயே, அதே 350தான். அவர் போன பிறகு 12 வருஷம் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலோடு நின்றது. சித்தி பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, எனக்குக் கொடு என்று வாங்கிக்கொண்டேன். கியர் வண்டியே தொட்டதில்லை நான். எந்தத் தைரியத்தில் கேட்டேனோ.

வந்த வாரமே புது பிளக், காயில், பேட்டரி, கிளட்ச் கேபிள் எல்லாம் வாங்கி ஒரே நாளில் மாட்டினேன். வண்டி முனகக்கூட இல்லை. மேலக்காவேரியில் பழைய புல்லட் மட்டும் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ஒரு நேரத்துல ஒண்ணுலதான் கை வைக்கணும். நாலையும் ஒண்ணா மாத்தினா எது நோவு, எது மருந்துன்னு எப்படித் தெரியும்?" நான் பிள்ளைகளுக்குக் கணக்கில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். வெட்கமாகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன். முதலில், உதைக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்க வேண்டும். ஒட்டிக்கிடக்கும் பிஸ்டன் ரிங் அப்போதுதான் கீறாமல் விடும். அப்புறம் ஆயில். இந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் பக்கத்துச் செயின்கேஸுக்கு ஒன்று என்று மூன்றும் தனித்தனி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேங்க் உள்ளே ஒரே துரு. ஒரு பிடி நட்டும் கெரசினும் போட்டு, அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டி, நானும் தம்பி மகனும் அரை மணி நேரம் ஆட்டினோம். மூடியை மட்டும் ஜன்னலில் வைத்து பிராஸோ போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வரும்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்ப்பரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. அதற்குள் பெட்ரோல் வரும் பைலட் ஜெட் என்ற குட்டித் திருகின் துளையை ஊசியால் குத்தப் போனேன், பாய் பிடுங்கிக்கொண்டார். துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு தப்பிவிடுமாம். மெல்லிய செப்பு இழை ஒன்றை விட்டு அவரே எடுத்தார். பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் இரண்டு முகமும் சாம்பல் பூத்துக் கிடந்தன. எமரித்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்து 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40க்கும் நடுவில் இடைவெளி வைத்ததும் பிளக்கில் நீலமாகப் பொறி வந்தது. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது டேப்பட்தான், அதாவது வால்வைத் திறக்கும் புஷ்ராட் என்ற கம்பியின் இடைவெளியைச் சரிசெய்வது. எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்றினால் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். "அளவு இல்ல டீச்சர், பதம்" என்றார். பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது வராதா? நாலாவது தடவையில் வந்துவிட்டது.

ஸ்டார்ட் பண்ணுவது தனிச் சடங்கு. சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, எஞ்சினுக்குள் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும் முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி. பயந்து பாதி மிதித்தால் திருப்பி அடிக்கும். என் கணுக்கால் அப்படிப் போனதுதான். வீக்கம் வடிந்த அன்று காலை இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது, விஜி. சித்தியிடம் போனைப் பிடித்துக் கேட்கவைத்தேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. எல்எல்ஆர் எடுத்து, தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு சுவாமிமலைக்குக் கிளம்பினால், பாதி வழியில் மூச்சு திணறி நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். மூன்று நாள் இதே கூத்து. காயில் சூடாகிறது என்றான் தம்பி, கண்டென்சர் என்றார் டீக்கடைக்காரர். பாய் மட்டும், "நின்னதும் வேற எதையும் தொடாம டேங்க் மூடியைத் திறங்க" என்றார். திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஒரே மிதியில் வண்டி பிடித்தது. மூடியில் காற்று போக விட்டிருக்கும் சின்னத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது! பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் வராது. ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் மூடினால் ஜூஸ் உள்ளேயே நிற்குமே, அந்த மாதிரி. நான் அத்தனை நேரம் தேய்த்த மூடி.

ஓட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இருபது வருஷம் பைக் ஓட்டிய தம்பிதான் மாற்றி மாற்றி மிதித்துத் தடுமாறுகிறான். எனக்கு மறக்க எதுவும் இல்லையே. சிக்னலில் குதிகாலால் ஒரு லீவரை அமுக்கினால், முதல் கியர் தவிர எதிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இதை ஏன் மற்ற வண்டிகளில் வைக்கவில்லையோ. ஆர்சி புத்தகம் என் பெயருக்கு மாறிவிட்டது. ஆயில் ஒழுகல் மட்டும் நிற்கவில்லை, அடியில் பழைய தாம்பாளம் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. இதன் நட்டெல்லாம் பழைய இங்கிலீஷ் அளவு, என் மில்லிமீட்டர் ஸ்பானர் வழுக்கி இரண்டு நட்டின் முனையே மழுங்கிவிட்டது. உன் மாமனார் பட்டறைப் பெட்டியில் 1/4, 5/16 என்று பொறித்த ஸ்பானர் கிடந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பார்சல் போடு. அத்தானிடம் கேட்டுவிட்டே எடு.

அன்புடன்,
கோமதி